கடைக் கம்ப்யூட்டருக்கு வேண்டியது மட்டும் போதுமா?
லினக்ஸ் கெர்னலில் தேர்வுப் பட்டியல் போடுவது பற்றி ஒரு விளக்கம்

நமது உறுப்பினர்களில் பெரும்பாலோர் இன்று கம்ப்யூட்டரில்தான் பில் போடுகிறார்கள். சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. கணக்கு, பாக்கிதாரர் பட்டியல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனமில்லாத வியாபாரிகள் சிலர், விலையில்லாமல் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறலாமா என்று விசாரிக்கிறார்கள். அப்படி விசாரிக்கும்போது கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர்கள், “உங்கள் கடைக்கு வேண்டியதை மட்டும் வைத்துச் சுருக்கமாகச் செய்து தருகிறேன், வேகமாக ஓடும்” என்று சொல்வதுண்டு.

இப்படிச் சுருக்குவது என்றால் என்ன, அதில் லாபம் எது, நஷ்டம் எது, பொறுப்பு யாருடையது என்பதை நாமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கம்ப்யூட்டர் வேலை செய்யாவிட்டால் பில் போட முடியாமல் நிற்கப்போவது நாம்தான்.

முழுச் சரக்கும் எதற்கு?

லினக்ஸ் என்று பொதுவாகச் சொன்னாலும், அதன் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். பில் புரோகிராமுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருந்து, நினைவகம், டிஸ்க், பிரிண்டர், நெட்வொர்க் எல்லாவற்றையும் மேய்ப்பது கெர்னல். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் இதைத் தொடங்கியபோது அது சுமார் 10,000 வரி கொண்ட சிறு புரோகிராம். 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது 2 கோடியே 70 லட்சம் வரிகளைத் தாண்டிவிட்டது. இன்றும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

இத்தனை வரிகளும் நம் கடைக்கு வேண்டியவை அல்ல. பாதிக்கு மேற்பட்டவை டிரைவர்கள், அதாவது உலகில் உள்ள விதவிதமான கருவிகளை இயக்குவதற்கான பகுதிகள். பெரிய டேட்டா சென்டருக்கு வேண்டிய நெட்வொர்க் கார்டு, டி.வி. பார்க்கும் கார்டு, விளையாட்டுக் கைப்பிடி என்று எல்லாம் அதில் அடக்கம். மொத்த வியாபாரியின் கிடங்கில் எல்லாச் சரக்கும் இருக்கும். சில்லறைக் கடைக்காரர் தம் வாடிக்கையாளருக்கு எது போகுமோ அதைத்தான் சிட்டை எழுதி எடுத்து வருவார். கெர்னலிலும் அதே வசதி உண்டு.

கெர்னலின் மூல வரிகள் எல்லோருக்கும் திறந்தே கிடைக்கின்றன. அவற்றை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் வேலைக்குக் கம்பைல் செய்வது என்று பெயர். கம்பைல் செய்வதற்கு முன்பு எந்தெந்தப் பகுதி வேண்டும் என்று ஒரு பட்டியல் போட வேண்டும். இதைக் கான்ஃபிகர் செய்வது என்கிறார்கள். போட்ட பட்டியல் ‘டாட் கான்ஃபிக்’ என்ற ஒரே ஒரு ஃபைலில் பதிவாகும். சாதாரண எழுத்தாகத் திறந்து படிக்கக்கூடிய ஃபைல்தான் அது. இந்த ஃபைலை உறுப்பினர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒய், எம், என்

பட்டியலில் 10,000க்கும் மேற்பட்ட கேள்விகள் உள்ளன. பெரும்பாலான பகுதிகளுக்கு மூன்றில் ஒரு பதில் சொல்லலாம்.

‘ஒய்’ என்றால் அந்தப் பகுதி கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிடும். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் அதுவும் நினைவகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

‘எம்’ என்றால் அது மாட்யூல் என்ற தனித் துண்டாக டிஸ்கில் இருக்கும். அதற்குரிய கருவியைச் செருகினால் மட்டும் நினைவகத்துக்கு வரும். தேவைப்படும்போது கிடங்கிலிருந்து ஒரு மூட்டை எடுத்து வருவதைப் போல.

‘என்’ என்றால் அது இல்லவே இல்லை. கருவியைச் செருகினாலும் ஒன்றும் நடக்காது.

உபுண்டு, டெபியன் போன்ற வெளியீட்டாளர்கள் தரும் தயார்க் கெர்னலில் ஏராளமான டிரைவர்கள் ‘எம்’ ஆக வைக்கப்பட்டிருக்கும். எந்தக் கருவியைச் செருகினாலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ‘எம்’ ஆக இருந்து பயன்படாமல் கிடக்கும் டிரைவர் டிஸ்கில் கொஞ்சம் இடம் பிடிக்குமே தவிர, நினைவகத்தை எடுத்துக்கொள்ளாது. ஆகவே, ‘பயன்படாத டிரைவர்களை எடுத்துவிட்டால் பில் வேகமாகப் போடலாம்’ என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

ஒன்றைச் சார்ந்து மற்றொன்று

பட்டியல் போடுவதற்கு ‘மேக் மெனுகான்ஃபிக்’ என்ற கட்டளை கொடுத்தால் திரையில் மெனு வரும். அதில் உள்ளே உள்ளே போய்த் தேர்ந்தெடுக்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது, பல பகுதிகள் வேறொரு பகுதியைச் சார்ந்தே இருக்கின்றன என்பதாகும்.

நமக்குத் தெரிந்த எலக்ட்ரானிக் தராசையே எடுத்துக்கொள்வோம். பல தராசுகள் எடையைப் பழைய சீரியல் வயர் வழியாகத்தான் அனுப்புகின்றன. இப்போதைய கம்ப்யூட்டரில் அந்தத் துளை இல்லாததால், நடுவில் யு.எஸ்.பி. சீரியல் கன்வெர்ட்டர் ஒன்றைப் போடுகிறோம். அந்தக் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சிப்பு எஃப்.டி.டி.ஐ. ஆக இருக்கலாம், பி.எல். 2303 ஆக இருக்கலாம், சி.எச். 340 ஆக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர். அந்த டிரைவர் வேண்டுமென்றால் அதற்கு மேலே ‘யு.எஸ்.பி. சீரியல்’ என்ற பகுதி வேண்டும். அதற்கும் மேலே யு.எஸ்.பி. என்ற பகுதியே வேண்டும். மேலே உள்ளதற்கு ‘என்’ போட்டுவிட்டால், கீழே உள்ளவை மெனுவில் கண்ணுக்கே தெரியாது. தேடினாலும் கிடைக்கவில்லையே என்று குழம்ப வேண்டியதில்லை. மெனுவில் சாய்வுக்கோட்டை அழுத்திப் பெயரைத் தட்டினால், அந்தப் பகுதி எந்த இடத்தில் இருக்கிறது, எதைச் சார்ந்திருக்கிறது என்ற விவரம் வந்துவிடும்.

மெனு வேண்டாம் என்று சிலர் டாட் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து கையாலேயே ஒரு வரி எழுதிவிடுவார்கள். அந்த வரி சார்ந்திருக்கும் மேல் பகுதி இல்லாவிட்டால், கம்பைல் தொடங்கும்போது அந்த வரி சத்தமில்லாமல் நீக்கப்பட்டுவிடும். எழுதியவரோ சேர்த்துவிட்டோம் என்ற நினைப்பில் இருப்பார். கையால் திருத்தினால் பிறகு ஒருமுறை ஃபைலைத் திறந்து வரி நிற்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

குறுக்கு வழியும் அதிலுள்ள பள்ளமும்

பத்தாயிரம் கேள்விக்கும் யாரும் உட்கார்ந்து பதில் சொல்வதில்லை. ‘மேக் டெஃப்கான்ஃபிக்’ என்று கொடுத்தால் அந்த வகைக் கம்ப்யூட்டருக்குப் பொதுவான பட்டியல் ஒன்று வந்துவிடும். ‘மேக் டைனிகான்ஃபிக்’ என்று கொடுத்தால் எல்லாவற்றையும் கழித்து மிகச் சிறியதாக வரும். பிறகு வேண்டியதை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். சின்னக் கருவிகள் தயாரிப்பவர்களுக்கு இது பயன்படும்.

சர்வீஸ் செய்பவர்கள் அதிகம் விரும்புவது ‘மேக் லோகல்மாட்கான்ஃபிக்’ என்பதாகும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் எந்தெந்த மாட்யூல் ஓடிக்கொண்டிருக்கிறதோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற மாட்யூல்களை அது கழித்துவிடும். ஆயிரக்கணக்கான மாட்யூல் இருந்த இடத்தில் நூறு சொச்சம் நிற்கும். கம்பைல் செய்யும் நேரமும் அதற்கேற்பக் குறையும்.

இதில்தான் பள்ளம் இருக்கிறது. எங்கள் கடையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருந்தபோது, கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி வந்து இந்த முறையில் புதுக் கெர்னல் போட்டுக் கொடுத்தார். பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், இன்டர்நெட் எல்லாவற்றையும் சோதித்துக் காட்டினார். திருப்தியாக இருந்தது. அந்த வாரம் எங்கள் எலக்ட்ரானிக் தராசு வருடாந்திர முத்திரைக்காக வெளியே போயிருந்தது. அது திரும்பி வந்தது பொங்கலுக்கு முந்தின நாள். செருகினோம். எடை திரையில் வரவில்லை. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். தராசில் காட்டும் எடையைப் பார்த்து ஒருவர் வாயால் சொல்ல, மற்றொருவர் கையால் தட்டி பில் போட்டோம். அன்று எத்தனை பில்லில் எடை தவறியது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

தம்பி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார், “அண்ணாச்சி, அன்றைக்குத் தராசு இங்கே இல்லையே. நானும் கேட்காமல் விட்டுவிட்டேன்.” தராசு செருகியிருக்கவில்லை, எனவே அதன் மாட்யூல் ஓடவில்லை, எனவே பட்டியலில் வரவில்லை. நல்ல வேளையாகப் பழைய கெர்னலை அழிக்காமல் வைத்திருந்தார். கம்ப்யூட்டரை மறுபடி போட்டு, தொடக்க மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்ததும் பத்து நிமிடத்தில் எடை வந்துவிட்டது. தராசில் கோளாறு இல்லை, கெர்னலிலும் கோளாறு இல்லை. சிட்டை எழுதிய நாளில் கண்முன் இல்லாத சாமான் சிட்டையில் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

ஆகவே பட்டியல் போடும் நாளில், தினமும் உபயோகிக்கும் கருவிகளோடு, என்றோ ஒருநாள் வரும் கருவிகளையும் கட்டாயம் செருகி வைக்க வேண்டும். முத்திரைக்குப் போன தராசு, ஆடிட்டர் கொண்டுவரும் பென் டிரைவ், பிராட்பேண்ட் நின்றுபோனால் வயர் போட்டு இணைக்கும் செல்போன், அலமாரியில் கிடக்கும் மாற்று பிரிண்டர் எல்லாம் இதில் சேரும். பென் டிரைவுக்கு யு.எஸ்.பி. ஸ்டோரேஜ் மட்டும் போதாது. அதில் உள்ள எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட் வடிவத்தைப் படிக்கும் பகுதியும் வேண்டும் என்பதால், அதைச் செருகித் திறந்தும் பார்க்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கூட்ட முடியாவிட்டால், சில நாட்கள் கடை நடக்கும்போது ஓடும் மாட்யூல்களின் பட்டியலைச் சேமித்து வைத்து, அதைக் கொடுத்தும் லோகல்மாட்கான்ஃபிக் செய்யலாம்.

சாவியை உள்ளே வைத்துப் பூட்டக் கூடாது

தராசு வராமல் போனால் கையால் பில் போடலாம். கம்ப்யூட்டரே எழும்பாமல் போவதற்கும் ஒரு வழி இருக்கிறது. டிஸ்கைப் படிக்கும் டிரைவரையும் அதன் ஃபைல் அமைப்பையும் ‘எம்’ என்று போட்டால், அந்த மாட்யூல்கள் டிஸ்கில்தான் இருக்கும். டிஸ்கைப் படிக்க அந்த மாட்யூல் வேண்டும், மாட்யூலை எடுக்க டிஸ்கைப் படிக்க வேண்டும். கடைச் சாவியைக் கடைக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். கெர்னல் ‘பேனிக்’ என்று எழுதிவிட்டு நின்றுவிடும்.

தயார்க் கெர்னல்கள் இதற்காகவே ‘இனிட்ராம்ஃபெஸ்’ என்ற சிறு பொதியில் அந்த மாட்யூல்களை வைத்து, தொடக்கத்திலேயே நினைவகத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. அந்தப் பொதி இல்லாமல் சுருக்கமாகச் செய்பவர், டிஸ்க் டிரைவருக்கும் ஃபைல் அமைப்புக்கும் ‘ஒய்’ போட்டே ஆக வேண்டும். புதிய கெர்னல் ஒரு மாதமாவது எல்லா வேலையும் பார்த்து நிரூபிக்கும் வரை பழைய கெர்னலை அழிக்கக் கூடாது என்ற விதியை எழுதாத ஒப்பந்தமாகவே வைத்துக்கொள்ளலாம்.

பட்டியல் யாரிடம் இருக்க வேண்டும்?

செய்து கொடுத்தவர் ஊரை விட்டுப் போய்விடலாம், தொழிலை மாற்றிக்கொள்ளலாம். அடுத்து வருபவர் நம் கம்ப்யூட்டரில் எது இருக்கிறது, எது கழிக்கப்பட்டது என்று எப்படி அறிவார்? டாட் கான்ஃபிக் ஃபைல் இருந்தால் ஒரு மணி நேரத்தில் புரிந்துகொள்வார். இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கும் நாம்தான் கூலி கொடுக்க வேண்டும்.

உபுண்டு, டெபியன் போன்றவற்றில் இந்தப் பட்டியலின் நகல், ‘பூட்’ என்ற ஃபோல்டரில் ‘கான்ஃபிக்’ என்று தொடங்கும் பெயரில் இருக்கும். கெர்னலுக்குள்ளேயே பட்டியலைப் பதிந்து வைக்கும் ஒரு தேர்வும் உண்டு. அதற்கு ‘ஒய்’ போடச் சொன்னால், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிடமிருந்தே எப்போது வேண்டுமானாலும் பட்டியலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பிடிக்கும் இடம் மிகச் சொற்பம். இதை வேண்டாம் என்று கழிப்பது நல்ல சிக்கனம் அல்ல.

இதில் நமக்கு உரிமையும் இருக்கிறது. லினக்ஸ் கெர்னல் 1992 முதல் ஜி.பி.எல். என்ற உரிமத்தின் கீழ் வருகிறது. அதன் இரண்டாம் பதிப்பின்படி, கம்பைல் செய்த கெர்னலை ஒருவருக்குக் கொடுப்பவர், மூல வரிகளையும் கூடவே தர வேண்டும், அல்லது கேட்டால் தருவதாகக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் எழுத்து உறுதி தர வேண்டும். கம்பைல் செய்வதைக் கட்டுப்படுத்தும் ஃபைல்களும் மூல வரிகளில் சேரும் என்று அந்த உரிமமே சொல்கிறது. டாட் கான்ஃபிக்கும் இதில் அடங்கும் என்பது இத்துறையில் பலரும் கொண்டுள்ள கருத்து. அனுப்பி வைக்க ஆகும் செலவுக்கு மேல் அதற்குப் பணம் கேட்கவும் கூடாது. கடைகளில் பயன்படும் லினக்ஸ் பில் இயந்திரம், ரவுட்டர் போன்றவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் கெர்னலின் மேல் ஓடும் பில் புரோகிராமுக்கு அதன் உரிமையாளர் வைத்ததுதான் நிபந்தனை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

ஒரே ஒரு கடை, ஒரே ஒரு கம்ப்யூட்டர், 4 ஜி.பி. நினைவகம் என்று இருப்பவர்களுக்குத் தயார்க் கெர்னலே போதும். எங்கள் கடைக்கும் அந்தச் சுருக்கம் தேவைப்பட்டிருக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். தயார்க் கெர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியீட்டாளரே அனுப்புகிறார். சொந்தமாகக் கம்பைல் செய்த கெர்னலுக்கு அப்படி யாரும் அனுப்பமாட்டார்கள். புதிய கெர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒன்று வெளிவருகிறது, நீண்டகாலப் பதிப்புகளுக்கு இடையிடையே திருத்தங்கள் வருகின்றன. அவற்றை எடுத்து, ‘மேக் ஓல்ட்கான்ஃபிக்’ கொடுத்து, பழைய பட்டியலை வைத்துக்கொண்டு புதிய கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லி, மறுபடி கம்பைல் செய்யும் வேலை தொடர்ந்து இருக்கும். சுருக்கிக் கொடுப்பவர் இதையும் ஏற்றுக்கொள்கிறாரா என்பதே முதல் கேள்வி.

பல கிளைகளில் ஒரே மாதிரி இயந்திரம் வைத்திருப்பவர்கள், மிகக் குறைந்த நினைவகமுள்ள சிறு கருவியில் பில் போடுபவர்கள், போட்டவுடன் சில விநாடிகளில் எழும்ப வேண்டிய இயந்திரம் வேண்டுபவர்கள் ஆகியோருக்குச் சுருக்குவதால் உண்மையான பலன் உண்டு. ஒருமுறை நன்றாகப் போட்ட பட்டியலை எல்லாக் கிளைகளிலும் உபயோகிக்கலாம். தேவையில்லாத பகுதி உள்ளே இல்லாததால், அந்தப் பகுதியில் பின்னால் ஏதாவது ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் நமக்குப் பாதிப்பில்லை.

ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை

1. எங்கள் கடைக்கு இது ஏன் தேவை? தயார்க் கெர்னலில் என்ன குறை கண்டீர்கள்?

2. பட்டியல் போடும் நாளில் எந்தெந்தக் கருவிகளைச் செருகி வைக்க வேண்டும்? (நாமே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றாகச் சோதித்து டிக் அடிக்கச் சொல்வது உத்தமம்.)

3. பழைய கெர்னல் தொடக்க மெனுவில் இருக்குமா? அதைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கடைப் பையனுக்கும் காட்டிக் கொடுப்பீர்களா?

4. டாட் கான்ஃபிக் ஃபைலையும், எந்தப் பதிப்பு கெர்னல் என்ற விவரத்தையும் பென் டிரைவில் எங்களிடம் தருவீர்களா?

5. பாதுகாப்புத் திருத்தம் வரும்போது மறுபடி கம்பைல் செய்து தருவது யார், அதற்குக் கட்டணம் எவ்வளவு?

6. வேலையைப் பண்டிகைக்கு முந்தின வாரத்தில் வைக்காமல், வியாபாரம் மந்தமான நாளில் வைத்துக்கொள்ளலாமா?

கம்ப்யூட்டர் வேலை அவருக்குத் தெரியும். ஆனால் ஆடி மாதத்தில் எந்தக் கருவி அலமாரிக்குப் போகும், தராசு எப்போது முத்திரைக்குப் போகும், ஆடிட்டர் எப்போது வருவார் என்பது நமக்குத்தான் தெரியும். ஆகவே பட்டியலில் பாதியை நாம்தான் எழுத வேண்டும். உறுப்பினர்கள் மேற்கண்ட ஆறு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கல்லாவில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது பயன்படுத்திக்கொள்ள வேண்டுகிறோம்.